உள்மணி, வெளிமணி

பாலாற்றங்கரையில் இருக்கும் சின்னவேம்பூரில், ஷூ கம்பெனியின் தையல் ஹாலுக்குள்ளே மட்டும் மணி நீண்டுபோன கதையைக் கேட்டால், அது வெளிதேசத்திலிருந்து மரப்பெட்டிகள் வந்து இறங்கிய தை மாதத்தில் தொடங்கியது என்று சிலர் சொல்வார்கள், பெட்டிக்கும் மணிக்கும் என்ன சம்பந்தம், புது மிஷின் போட்ட அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று வேறு சிலர் சொல்வார்கள். ஆனால் அதை முதலில் காட்டிக்கொடுத்தது எந்தக் கடிகாரமும் இல்லை, இந்திராணியின் தலையில் இருந்த மல்லிகைப் பூ என்பதில் ஊருக்குள் இரண்டு பேச்சு கிடையாது.

அன்று காலை வாசலில் வந்த பூக்காரியிடம் இந்திராணி ஒரு முழம் மொக்கு வாங்கினாள். பாதியைத் தலையில் வைத்துக்கொண்டு, மீதியை மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வைத்துக்கொள்ளட்டும் என்று ஈரத்துணியில் சுற்றிப் பானை மேல் வைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினாள். டீக்கு மணி அடிப்பதற்குள் அவள் தலையில் இருந்த மொக்கு விரிந்து, மணந்து, பழுத்து, பழுப்பேறி, நாரோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"இன்னாமே, நேத்து பூவ வச்சிகினு வந்துட்டியா?" என்றாள் பக்கத்து மிஷின் அல்லி.

"காலைல வாங்குனது. மொக்கு."

"மொக்காம் மொக்கு. பூக்காரி உன்ன நல்லா ஏமாத்திகீறா."

சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஈரத்துணியைப் பிரித்தால் மற்றப் பாதி அப்போதுதான் வாய் திறந்துகொண்டிருந்தது. ஒரே நாரில் கட்டிய பூ. இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்துப் புருஷனிடம் நீட்டினாள். அவள் புருஷன் கிருபாகரனும் அதே கம்பெனிதான். கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்க, எந்தத் தையலுக்கு எவ்வளவு நேரம், ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி என்று அளந்து டார்கெட் போடுகிற டைம் மாஸ்டர். ஹாலின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, ஆபீஸ் பக்கம் அவன் நாற்காலி. இரண்டு பூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உனக்கு உடம்பு சூடு, மோர் குடி" என்றான்.

அந்த மரப்பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஷூவுக்குப் பேர் போன ஒரு தேசத்தில், பனி பெய்யும் மலையடிவாரத்தில் ஒரு கம்பெனி இருந்தது. அங்கே கூலி அதிகம், இங்கே குறைவு என்பதால் அதை மூடிவிட்டு, அதன் வெட்டு அச்சுகளையும் பாத அச்சுகளையும் பெட்டியில் அடைத்து, ஆர்டரோடு சேர்த்துச் சின்னவேம்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு பெட்டியின் வைக்கோலுக்குள்ளும் ஊதா நிறத்தில் காய்ந்த பூச்செடி ஒரு பிடி, தையல் நூலால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க வைத்திருப்பார்கள் என்றார்கள் குடோன் ஆட்கள். வாசனை நன்றாக இருந்ததால் பெண்கள் ஆளுக்கொரு பிடி எடுத்துப்போய்ப் பட்டுப்புடவைக்கு நடுவே டிரங்குப் பெட்டியில் வைத்தார்கள். இந்திராணியும் ஒன்று வைத்தாள்.

பூவுக்குப் பிறகு சோறு. காலையில் கட்டிய தயிர் சோறு மத்தியானம் திறப்பதற்குள் புளித்துப் பொங்கியது. பிறகு நகம்; திங்கட்கிழமை வெட்டிய நகம் வியாழக்கிழமை நூலில் சிக்கியது. ஹால் சுவரில் இருந்த கடிகாரம் வாசல் கடிகாரத்தைத் தாண்டித் தாண்டிப் போனதால் அதை ரிப்பேர்க்காரனிடம் கொடுத்தார்கள், அவன் கடையில் அது ஒழுங்காக ஓடியது, திரும்பக் கொண்டுவந்து மாட்டியதும் ஓட்டம் பிடித்தது. கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தால் பெண்களின் கைகள் ஃபேன் இறக்கை மாதிரி உருத் தெரியாமல் சுற்றின. உள்ளே இருந்து பார்த்தால் ஆபீஸ்காரர்கள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடப்பது போல நடந்தார்கள். மேனேஜர் தும்மத் தொடங்கினால் அல்லி ஒரு வார் தைத்து முடித்த பிறகுதான் தும்மல் முடியும், அவள் அதைப் பந்தயம் கட்டி எல்லோருக்கும் காட்டினாள்.

யாரும் பயப்படவில்லை. சொல்லப்போனால் அந்த முதல் மாதங்களைப் போல சந்தோஷமான காலம் அந்த ஹாலுக்கு முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. வாசல் மணிக்கு ஒரு மணி நேரம் ஆகும்போது உள்ளே இரண்டு மணிக்கு மேல் ஓடியது, டார்கெட்டோ பழைய டார்கெட். அவசரப்படாமல் தைத்தார்கள். தைத்து முடித்த பிறகு மிச்சம் இருந்த நேரத்தில் ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்தார்கள், பாட்டுப் பாடினார்கள், படிக்கத் தெரியாத இரண்டு பேர், பள்ளிக்கூடம் போன பர்வீனிடம் எழுத்து கற்றுக்கொண்டார்கள். வீட்டில் மாமியார் இல்லை, பிள்ளை இல்லை, அடுப்பு இல்லை. யாருக்கும் கடன்படாத மத்தியானம் ஒன்று தினமும் கிடைத்தது.

ஆனால் அந்த ஹாலில் ஒரு வழக்கம் இருந்தது. டார்கெட்டை ஒருநாளும் முன்னாலே முடித்துக் காட்டக்கூடாது. காட்டினால் அடுத்த நாளே ஏற்றிவிடுவார்கள். அதனால் அதிகப்படி தைத்த ஜோடிகளை மேஜைத் துணிக்கு அடியில், கால் பக்கம் மறைத்து வைப்பார்கள். காய்ச்சல் வந்தாலோ மாதவிலக்கில் இடுப்பு வலித்தாலோ ஒருத்தி இரண்டு நாள் மெதுவாகத் தைக்கலாம். அடியில் இருந்து எடுத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கு மடி ஜோடி என்று பேர். கிருபாகரனுக்கும் அது தெரியும். வரிசையில் நடக்கும்போது அவன் பார்வை மேஜைக்குக் கீழே போகாது. போகாமல் இருப்பதும் ஒரு வழக்கம்.

மணி நீண்ட பிறகு மடி ஜோடி பெருகியது. சும்மா உட்கார்ந்து பழகாத கைகள். பாடிக்கொண்டே தைத்தார்கள், பேசிக்கொண்டே தைத்தார்கள், மேஜைக்கு அடியில் கால் வைக்க இடமில்லாமல் சம்மணம் போட்டுக்கொண்டு தைத்தார்கள். அப்படி இருக்கும்போது ஷூவுக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர் பார்வையிட வந்தார், அவருடைய நீளமான கால் ஒரு துணியில் இடறியது, துணி நழுவியது, பர்வீனின் மேஜைக்கு அடியிலிருந்து ஷூவின் மேல்பாகமான கறுப்பு அப்பர்கள் ஆட்டு மந்தை திறந்துவிட்டது போலத் தரையெல்லாம் ஓடின. பக்கத்து மேஜை சரிந்தது. அதற்குப் பக்கத்து மேஜையும்.

பையர் கோபப்படவில்லை. ஒரு அப்பரை எடுத்துத் தையலைத் தடவிப் பார்த்தார். மேனேஜர் கிருபாகரனைப் பார்த்து, "இதெல்லாம் இந்த வாரத்தில் தைத்ததா?" என்றார். நேரத்தைப் பற்றி மட்டும் பொய் சொல்ல வராது கிருபாகரனுக்கு.

"ஆமா சார்."

டார்கெட் இரண்டு மடங்கானது.

பெண்கள் அவன்மேல் கோபப்பட்டார்கள் என்றாலும் பெரிதாகக் கோபப்படவில்லை; அவன் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அந்த மந்தையை யார் மறைப்பது. ஆனால் டார்கெட் இரண்டு மடங்கானதும் மணியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது போல மூன்றாக நீண்டது, டார்கெட்டை மூன்று மடங்காக்கினார்கள், அது நான்கைத் தொட்டது. ஒரு ஷிஃப்டை விழித்தபடியே யாராலும் முடிக்க முடியாமல் போனது. பாய் கொண்டுபோனார்கள். நடுஷிஃப்டில் விளக்கை அணைத்து மிஷின்களுக்கு இடையே வரிசையாகப் படுத்துத் தூங்கி எழுந்து, பல் விளக்கி, இரண்டாவது அடுக்குச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். அதை உள்ராத்திரி என்றார்கள். வாசல் கடிகாரத்தில் அது ஆபீஸ்காரர்கள் டீ குடித்து, தினசரி படித்து, வெற்றிலை போடும் நேரம்தான். மேனேஜர் முதலில் பாய்களைப் பிடுங்கி எறிந்தார். தூங்காமல் தைத்ததில் தையல் கோணியதைப் பார்த்துவிட்டு அவரே கம்பெனி செலவில் கோரைப்பாய் வாங்கிப் போட்டார். சம்பளம் மட்டும் வாசல் மணிக்குத்தான். காலையில் வாசலில் அட்டை தேய்த்து, சாயங்காலம் வாசலில் அட்டை தேய்த்தால் ஒரு நாள். உள்ளே எத்தனை நாள் போனாலும் ஒரு நாள்.

எதையும் பழகிக்கொள்கிற ஊர் அது. ஆற்றில் தண்ணீர் இல்லாததைப் பழகிக்கொண்டது போல இதையும் பழகிக்கொண்டது, வருஷங்களும் ஓடின. பெண் பார்க்க வருகிறவர்கள் நட்சத்திரத்துக்கு முன்னால், "பொண்ணு ஹாலா, தோல் கட்டிங்கா?" என்று கேட்டார்கள், ஹால் என்றால் ஜாதகத்தில் இருக்கும் வயதோடு எத்தனை கூட்டுவது என்று சோசியர் ஒரு கணக்கு வைத்திருந்தார். தையில் தாலி கட்டிக்கொண்ட ஒருத்தி ஆடியில் முழுப்பிள்ளை பெற்றாள். அவள் மாமியார் விரலை மடக்கி எண்ணத் தொடங்கி, மருமகள் ஹாலில் தைக்கிறவள் என்று ஞாபகம் வந்து, விரலை நீட்டிவிட்டுப் பேரனுக்கு வசம்பு கட்டப் போனாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் இரண்டு வயது எழுதினார், மேலே காகித வயது, கீழே உடம்பு வயது. மருதாணியும் தலைச்சாயமும் விற்ற கடைக்காரன் மாடி கட்டினான். இந்தப் பெண்கள்தான் உலகத்திலேயே வேகமானவர்கள் என்று வாசலில் ஒரு கேடயம் வைத்தார்கள். எங்கெங்கிருந்தோ கோட்டு போட்டவர்கள் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று, ஃபேன் இறக்கை போலச் சுற்றும் கைகளைப் படம் எடுத்துக்கொண்டு, இது பழக்கமா, ஒழுக்கமா, மீன் குழம்பா என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

கிருபாகரனுக்கு அந்தக் கேடயத்தில் உள்ளூரப் பெருமை இருந்தது. அதிகம் படித்தவன் இல்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகங்களை வைத்து இரவல் அகராதியோடு மல்லுக்கட்டி அவனாகவே கற்றுக்கொண்டதில் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்: கை வேகமானால் கூலி தானாக ஏறும். அங்கே கூலி அதிகம் என்றால் அவர்கள் கை வேகம் அதிகம். நம் கை அவர்கள் கையை எட்டிப்பிடிக்கும் அன்றைக்கு நம் கூலியும் எட்டிப்பிடிக்கும். கல்யாணமான நாளிலிருந்து இதை இந்திராணியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவளும், "எட்டட்டும், எட்டட்டும்" என்பாள்.

அந்த நம்பிக்கையில் ஓட்டை விழுந்தது ரோசம்மா வந்தபோது.

தையலின் நேர்த்தி பார்க்கப் பையரே ஒரு அம்மாவை அனுப்பியிருந்தார். மூடிப்போன அந்த மலையடிவாரக் கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தைத்தவள். ரொசானா என்று சொன்னாள். ஹால் அவளை ரோசம்மா ஆக்கிக்கொண்டது. கூடவே மொழிபெயர்க்க ஒரு பையர் ஆபீஸ்காரர். ரோசம்மா ஹாலுக்குள் காலடி வைத்தாள், நாலு எட்டு நடந்தாள், நின்றாள். மேல் ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் கையை நீட்டினாள். பாலாற்று வெயில் இல்லை அது. சாய்ந்து, வெளுத்து, ஓரத்தில் கொஞ்சம் குளிரோடு விழும் வெயில். ஹால்காரர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. ரோசம்மா காலியாக இருந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"இன்னாவாம்?" என்றாள் அல்லி.

"இது அவங்க ஊர் மத்தியானமாம்" என்றார் ஆபீஸ்காரர், தான் சொல்வதைத் தானே நம்பாமல்.

தண்ணீர் கொடுத்தார்கள். முறுக்கு கொடுத்தார்கள். ரோசம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னதை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். எங்கள் ஹாலில் கொஞ்சம் கொஞ்சமாக மணி மெலிந்துபோனது. உட்காருவோம், ஊசியில் நூல் கோர்ப்போம், சாயங்காலம் ஆகிவிடும். ஒரு நாளைக்குச் சில ஜோடிகள்தான் முடியும். எங்களைச் சோம்பேறி என்றார்கள். கம்பெனியை மூடிய பிறகு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்களைப் பார், எவ்வளவு வேகம் என்று உங்கள் படத்தைக் காட்டினார்கள். நாங்களும் எங்களைச் சோம்பேறி என்றே நம்பிவிட்டோம்.

"அவங்களுக்கு சம்பளம் எவ்ளோன்னு கேளு" என்றாள் பர்வீன்.

கேட்டார். சொன்னாள். அவர் அதை ரூபாயாக மாற்றிச் சொன்னதும் ஹால் முழுக்க ஒரே சிரிப்பு. நம் பன்னிரண்டு பேர் சம்பளம் அவள் ஒருத்திக்கு.

"பன்னெண்டு கையா வச்சிகினு தைப்பாங்க?" என்றாள் அல்லி.

இந்திராணி சிரிக்கவில்லை. எழுந்து தன் இடத்தை ரோசம்மாவுக்குக் காட்டினாள். ரோசம்மா உட்கார்ந்தாள். அதே மிஷின், அதே ஊசி, அதே நூல். இந்திராணி பக்கத்து மிஷினில். இரண்டு பேரும் ஒரே மாதிரி அப்பரை எடுத்து, ஒரே மாதிரி முனையை மடித்து, ஒரே நேரத்தில் தைத்து முடித்து, ஒரே மாதிரிப் பல்லால் நூலைக் கடித்தார்கள். அப்போது ஹாலுக்குள்ளே நின்றுகொண்டிருந்த கிருபாகரன் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"கை ஒண்ணுதாங்க" என்றாள் இந்திராணி அவனிடம். "அவங்க ஊர்ல இந்த வேலை வேணாம்னா வேற வேலைக்குப் போயிடலாம் போல. முடி வெட்றவங்களுக்கும் பஸ் ஓட்றவங்களுக்கும் கூட அங்க அதே மாதிரி சம்பளமாம். இங்க வேணாம்னா பீடி சுத்தணும். அதான் வித்தியாசம். கையில இல்ல."

போகும்போது ரோசம்மா இந்திராணியின் தலையில் வாடித் தொங்கிய மல்லிகையைத் தொட்டு ஏதோ கேட்டாள், பூவைக் காட்டி, பெட்டி மாதிரிக் கையை விரித்து, மூக்கருகே விரலைக் குவித்து. ஆபீஸ்காரர் போனில் இருந்தார். பூ அழகாக இருக்கிறது என்கிறாள் போலும் என்று நினைத்து இந்திராணி வாடிய சரத்தைக் கழற்றி அவளுக்கே கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கிருபாகரன் ஊரார் வயதை விட்டுவிட்டுத் தன் வீட்டு வயதைப் பார்க்கத் தொடங்கினான். கல்யாணத்தின்போது இந்திராணி அவனைவிட ஏழு வயது சின்னவள். எப்போது அவன் வயதுக்கு வந்தாள், எப்போது தாண்டினாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. முதலில் மூக்குக் கண்ணாடி வந்தது, பிறகு மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினாள், பிறகு ஒருநாள் குடியாத்தத்தில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மனிதர், "அக்காவையும் கூட்டிகினு வந்தீங்களா, நல்லது" என்றார். இந்திராணி வாய்விட்டுச் சிரித்தாள். அவன் பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டான்.

பஸ்ஸில் திரும்பும்போது, "வேலைய விட்டுடு" என்றான்.

"விட்டுட்டு? பொண்ணு நர்ஸிங் படிக்கணும்னு நிக்குது. உங்க ஒரு சம்பளத்துல முடியுமா?"

"பென்ஷன் கேக்கலாம்."

"காகிதத்துல எனக்கு நாப்பது கூட ஆவல. பென்ஷன் வர்றதுக்குள்ள நான் ஹாலுக்குள்ளவே நூறு தாண்டிடுவேன்." கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குத் தெரியாது. உள்ள நாங்க சும்மா தைக்கல. பாதி ஆயுசு அங்கதான கீது. அல்லிக்கும் எனக்கும் நடந்த சண்டையும் ராசியும் உங்க கூட நடந்தத விட ஜாஸ்தி."

"அப்ப நானும் உள்ள வந்துர்றேன். செக்கரா போட்டா போதும்."

"வந்தா மட்டும் என்ன எட்டிப்பிடிச்சிடுவீங்களா?"

"எட்ட வேணாம். இதுக்கு மேல தள்ளிப் போகாம இருந்தா போதும்."

அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நரைத்த தலை. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், தாயைக் கூட்டிப்போகிற மகனைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் மேனேஜரிடம் கேட்டதற்கு, டைம் மாஸ்டர் உள்ளே போய்விட்டால் வெளியே இருந்து யார் அளப்பது என்று சொல்லிவிட்டார்.

வேலை நிறுத்தத்தைத் தொடங்கியது அல்லி. அவள் முட்டி பிடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து எழ முடியாமல் போன அன்று, "சம்பளத்த உள்மணிக்குக் குடு, இல்லன்னா ஊசிய நீயே பிடி" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஹாலே கையைக் கட்டிக்கொண்டது. உள்ராத்திரி வந்து, போய், பசித்த பிறகுதான் அதில் இருக்கும் பைத்தியக்காரத்தனம் அவர்களுக்கு உறைத்தது: கண்ணாடிக்கு வெளியே மேனேஜர் இன்னும் காலை டீயைக் குடித்து முடிக்கவில்லை. இப்படியே போனால் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுவதற்குள் இவர்களுக்குக் கிழடு தட்டிவிடும்.

"எழுந்துருங்கடீ" என்றாள் இந்திராணி. "இங்க உக்காந்தா நம்ம ஆயுசுதான் போவுது. அவன் டைம்ல உக்காருவோம்."

எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, வாசல் கடிகாரத்துக்கு நேர் கீழே, புளியமர நிழலில் உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு மணி ஒரு மணியாகவே ஓடியது. முதல் முறையாகக் கம்பெனியின் நேரம் செலவானது. தைக்காத சரக்கை விட்டுவிட்டுக் கப்பல் போனது. முதலாளி ஓடிவந்தார், பிறகு தொழிலாளர் அதிகாரி வந்தார். புளியமரத்தடியிலேயே நாற்காலி போட்டுப் பேச்சு நடந்தது.

முதலாளி கெட்டவர் இல்லை. பெருநாளுக்கு எல்லோருக்கும் பிரியாணி போடுகிறவர். "நான் தர மாட்டேன்னு சொல்லல" என்றார். "ஹால் வேகமாச்சே, லாபம் எங்கன்னு நானே தேடிக்கிட்டு இருக்கேன். நீங்க ரெண்டு மடங்கு தைச்சா பையர் விலையைப் பாதி ஆக்குறான். நாலு மடங்கு தைச்சா இன்னும் இறக்குறான். உங்க நேரமெல்லாம் எங்க போச்சுன்னு கேக்குறீங்க இல்ல? எங்கயோ தூரத்துல, ஒரு கடையில, ஷூ விலை குறைஞ்சிருக்கு பாருங்க, அங்க போச்சு. நான் கூட்டிக் கேட்டா அவன் வேற தேசத்துக்குப் போயிடுவான்."

"அப்ப அந்த ஷூவப் போட்டுகினு நடக்குறவங்க எங்க வயசு மேலதான் நடக்குறாங்களா?" என்றாள் அல்லி.

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி பேனாவை மூடித் திறந்தார். சட்டத்தில் ஒரு மணி என்றால் ஒரு மணிதான், உள்ளே, வெளியே என்று அதில் எழுதவில்லை. கிருபாகரனைக் கூப்பிட்டார்கள்.

"நீங்கதான அளக்குறவரு. சொல்லுங்க, எது சரியான மணி? வாசல்ல ஓடுறதா, ஹால்ல ஓடுறதா?"

மேனேஜர் அவனையே பார்த்தார். வாசல் மணி என்று சொன்னால் வேலை இருக்கும். உள்மணி என்று சொன்னால் ஆர்டர் போகலாம், ஆர்டர் போனால் எல்லாம் போகலாம், மகளின் படிப்பும். கிருபாகரன் ஸ்டாப் வாட்ச்சைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"ரெண்டு கடிகாரமும் சரியாத்தான் ஓடுது சார். ஆனா வயசு உள்ள இருக்கிறதுலதான் ஏறுது." புளியமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நரைத்த தலையைக் காட்டினான். "அது என் சம்சாரம். என்னை விட ஏழு வயசு சின்னவ."

அதிகாரி அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

வாசல் மணி ஒன்றுக்கு இரண்டு மணிக் கூலி என்று முடிவானது. முழுசும் இல்லை, பாதி. ஹாலில் கழிந்த வருஷங்களைப் பென்ஷனுக்கு எண்ணுவது பற்றி மேலிடத்துக்கு எழுதுவதாக அதிகாரி சொன்னார். அது இன்னும் எழுத்திலேயே இருக்கிறது. டார்கெட்டை எடுத்துவிட்டுக் கூலியை மணிக் கணக்கிலேயே போட்டதால் டைம் மாஸ்டருக்கு வேலை இல்லாமல் போனது, கிருபாகரன் கேட்டது போலவே அவனை ஹாலுக்குள் செக்கராகப் போட்டார்கள். அந்த சீசன் சம்பளத்தில் பல வீடுகளில் கூரை மாறியது. இந்திராணி மகளை நர்ஸிங்கில் சேர்த்தாள்.

கிருபாகரன் உள்ளே போன முதல் நாள் இந்திராணி அவனுக்காகவே புது மொக்கு வைத்துக்கொண்டு வந்தாள். அவள் மிஷினுக்கு எதிரே அவன் ஸ்டூல். அவள் தைத்ததை அவன் வாங்கித் திருப்பிப் பார்த்து அடுக்கினான். உள்ராத்திரிக்குப் பாய் கொண்டுவந்திருந்தான், பெண்கள் கிண்டல் செய்தார்கள், "புது மாப்பிள்ள வந்துகீறாரு, பாயை அந்தாண்ட போடுங்க." டீ மணி அடித்தது. சாப்பாட்டு மணி அடித்தது. தயிர் சோறு புளிக்கவில்லை. யாருக்கும் தூக்கம் வரவில்லை. மேல் ஜன்னலில் விழுந்த வெயில் மஞ்சளாக, சுள்ளென்று, சின்னவேம்பூர் வெயிலாக இருந்தது. ஷிஃப்ட் முடிந்து எழுந்தபோது அல்லி இந்திராணியின் தலையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"வாடலமே" என்றாள்.

இந்திராணி சரத்தைக் கழற்றிப் பார்த்தாள். அப்போதுதான் விரியத் தொடங்கிய மொக்கு. சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருவராக அதைத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லோருக்கும் புரிந்தது. மணி கிளம்பிப் போய்விட்டது. மணி போனால் பின்னாலேயே ஆர்டரும் போகும்.

"டைம் மாஸ்டர் வாயத் தொறந்தாரு, ஓடிப்போச்சு" என்றாள் அல்லி. ஆனால் அவள் குரலில் கோபம் இல்லை, முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள். கிருபாகரன் எதிரே இருந்த மனைவியின் முகத்தைப் பார்த்தான். மிச்சம் எவ்வளவோ, அது இனி இரண்டு பேருக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும். அவனுக்கு அந்த நேரத்தில் அது போதும் என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

பங்குனியில் அச்சுகளை மரப்பெட்டியில் அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கடலுக்கு அப்பால் இன்னொரு தேசம், அதன் பேரை மேனேஜர் சொன்னார், பெண்களுக்கு அது வாயில் நுழையவில்லை. ரோசம்மா ஊர்க் கூலியில் இங்கே பன்னிரண்டில் ஒன்று என்றால் அங்கே அதிலும் பாதியாம். பெட்டி அடைக்கிற வேலைக்கு இந்திராணியையும் கிருபாகரனையும் அல்லியையும் போட்டார்கள். வைக்கோலைப் பரப்பி, பாத அச்சுகளை வரிசையாக அடுக்கினார்கள்.

"அங்க இருக்குறவங்க பூ வைப்பாங்களா?" என்றாள் இந்திராணி திடீரென்று.

"யாருக்குத் தெரியும்" என்றான் கிருபாகரன்.

"வைக்கலன்னா மணி நீள்றது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் தலையிலிருந்து சரத்தை எடுத்தாள். வைக்கோலுக்கு நடுவே, அச்சுகளுக்கு மேலே வைத்தாள். அல்லியும் தன்னுடையதை எடுத்து அடுத்த பெட்டியில் வைத்தாள். கலைந்துவிடாமல் இருக்க இரண்டையும் தையல் நூலால் இறுக்கிக் கட்டினார்கள்.

"கப்பல் போய்ச் சேர்றதுக்குள்ள காஞ்சி சருகாயிடும்" என்றான் கிருபாகரன். "பாக்குறவங்க பூச்சிக்கு வச்சதுன்னு நினைச்சுப்பாங்க."

சொன்ன பிறகுதான் அவன் வாய் நின்றது. இந்திராணியின் கையும் நூலோடு அப்படியே நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கல்யாணப் பட்டுக்கு நடுவே அது இருந்தது, அதே ஊதா நிறம் கொஞ்சம் வெளுத்து, அதே நூல் கட்டு. மூக்கருகே பிடித்தால் இன்னும் லேசாக மணந்தது.

"அன்னிக்கு ரோசம்மா கேட்டது இதத்தான். நமக்கும் சொல்லித்தான் அனுப்பிகீறாங்க" என்றாள்.

கிருபாகரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் அந்தச் செடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்து, பொடி உதிராமல், தன் வெள்ளைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.